கிரெடிட் கார்டு வழக்கும் நடுவர் விசாரணையும்: டெக்சாஸ் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே கோலின் கவுண்டியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். 2022 இறுதியில் வேலை போனது. அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டுச் செலவை ஒரு கிரெடிட் கார்டில்தான் சமாளித்தேன். கடைசியாக 2023 ஜனவரியில் பணம் கட்டினேன். அப்போது பாக்கி ஏறத்தாழ 6,900 டாலர் இருந்ததாக நினைவு. சென்ற வாரம் கான்ஸ்டபிள் ஒருவர் வீட்டு வாசலில் என்னிடம் சம்மனைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனம், என் கடனை வங்கியிடமிருந்து வாங்கிவிட்டதாகச் சொல்லி, 8,600 டாலர் கேட்டு ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறது. "ஆர்பிட்ரேஷன் கேட்டால் அவர்களே வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்கள்" என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? எப்படிக் கேட்பது? கேட்டால் வினையாகுமா? எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன். அதற்குப் பாதிப்பு வருமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பிக் களத்தில் இறங்கியவர்கள் சிலர் தோற்றும் இருக்கிறார்கள். ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் விசாரணை, "நான் கடன்பட்டிருக்கவில்லை" என்று சொல்லும் எதிர்வாதம் அன்று. "இந்தத் தகராறை நீதிமன்றத்தில் அல்ல, நாம் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் உரிமை மட்டுமே அது. கடன் அப்படியே இருக்கிறது. வழக்கு நடக்கும் இடம்தான் மாறுகிறது. ஆனால் இடம் மாறும்போது செலவை யார் சுமப்பது என்பதும் மாறிவிடுவதால், உங்களுடையதைப் போன்ற வழக்குகளில் எதிர்த்தரப்பு பின்வாங்குவது நடக்கக்கூடியதுதான். பொதுவான சட்ட விளக்கமாகவே இதை எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களை நேரில் பார்க்கும் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நாள் கணக்கு. இதைத் தனி மின்னஞ்சலில் முன்பே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே மறுபடி சொல்கிறேன். 20,000 டாலர்வரையான வழக்குகளை விசாரிக்கும் டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில், சம்மன் கையில் கிடைத்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14-ஆம் நாள் முடிவதற்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள்வரை நேரம் உண்டு. அதே மாநிலத்தில் கவுண்டி கோர்ட்டிலோ டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டிலோ வழக்கு வந்தால் கணக்கு வேறு: 20 நாட்கள் கழிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினரிடம் கேட்டுக்கொண்டு நாட்களை எண்ணாதீர்கள். கையில் இருக்கும் சம்மனில் உள்ளதை மட்டும் பாருங்கள். கெடுவைத் தவறவிட்டால் நிறுவனம் தன் பிரமாணப் பத்திரங்களை மட்டும் வைத்து உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பு வாங்கிவிட முடியும். அதன் பிறகு ஆர்பிட்ரேஷனைப் பற்றிப் பேச ஏறத்தாழ இடமே இருக்காது.

பதிலுரையில் என்ன எழுதுவது? நான்கைந்து வரிகள் போதும். வாதியின் குற்றச்சாட்டுகள் அனைத்தையும் பொதுவாக மறுப்பதாக ஒரு வரி; கார்டு ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் விசாரணைப் பிரிவின்படி இந்தத் தகராறை நடுவரிடம் கொண்டுசெல்லத் தேர்ந்தெடுப்பதாகவும், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் இன்னொரு வரி; அதன் கீழே உங்கள் பெயர், முகவரி, வழக்கு எண், கையொப்பம். இணையவழியிலோ நேரிலோ தாக்கல் செய்து, வாதியின் வழக்கறிஞருக்கு ஒரு பிரதியையும் அனுப்புங்கள். டெக்சாஸ்லாஹெல்ப் என்ற இலவசத் தளத்தில் இதற்கான படிவம் கிடைக்கிறது. நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள்: "கார்டைத் தேய்த்தது நான்தானே, எல்லாவற்றையும் மறுப்பது பொய் சொல்வதாகாதா?" ஆகாது. பொது மறுப்பு என்பது டெக்சாஸ் விதிகளே வெளிப்படையாக அனுமதிக்கும் ஒரு பதில் வடிவம். "வழக்குத் தொடுத்தவர் நீங்கள், நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. கார்டை வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்வதுதான் பொய். அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. மேலும் 6,900 எப்படி 8,600 ஆனது, இந்த நிறுவனத்தின் கைக்கு உங்கள் கணக்கு எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்பவையெல்லாம் அவர்கள் விளக்க வேண்டிய விஷயங்கள். கடன் கோரும் மனுவில் கணக்கு வாராக்கடனாக எழுதப்பட்ட தேதி, மூல வங்கியின் பெயர், கடன் கைமாறிய தேதிகள் ஆகியவை இருக்க வேண்டும் என்று ஜஸ்டிஸ் கோர்ட் விதி 508.2 கூறுகிறது. உங்கள் மனுவில் அவை இருக்கின்றனவா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நடுவர் விசாரணைக்கு வருவோம். இந்தப் பிரிவை ஒப்பந்தத்தில் எழுதியது வங்கிகள்தாம். வாடிக்கையாளர் நலனுக்காக அவர்கள் அதை எழுதவில்லை. வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுப்பதே முதன்மை நோக்கமாக இருந்தது; 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கான்செப்சியன் வழக்கில் அந்தத் தடைக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டது. ஒரு காலத்தில் வங்கிகளே கடன் வசூலுக்கு நடுவர் விசாரணையைப் பெருமளவில் பயன்படுத்தின. அவற்றில் மிகப் பெரும்பகுதியைக் கையாண்ட நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஃபோரம் என்ற அமைப்பு, வசூல் தொழிலுடன் நெருங்கிய தொடர்பு வைத்திருந்ததாக 2009 ஜூலையில் மின்னசோட்டா மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். சில நாட்களிலேயே அந்த அமைப்பு நுகர்வோர் வழக்குகளிலிருந்து முற்றிலும் விலகிக்கொண்டது. அதன் பிறகு வசூல் வழக்குகள் நீதிமன்றங்களுக்குத் திரும்பின. பிரிவு மட்டும் ஒப்பந்தங்களில் தங்கிவிட்டது. அதைத்தான் இப்போது கடனாளிகள் தங்கள் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்கள்.

திருப்பிப் பிடிப்பதால் என்ன ஆகிறது என்பதற்குச் செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஜாம்ஸ், அமெரிக்கன் ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் ஆகிய இரண்டும்தான் கார்டு ஒப்பந்தங்களில் அதிகம் காணப்படும் நடுவர் அமைப்புகள். ஜாம்ஸின் நுகர்வோர் நியதிகளின்படி நீங்கள் தொடங்கும் வழக்கில் உங்கள் பங்கு 250 டாலர்; மீதித் தாக்கல் கட்டணம், நிர்வாகக் கட்டணம், மணிக்கணக்கில் வாங்கும் நடுவரின் ஊதியம் அனைத்தும் நிறுவனத்தின் தலையில். வழக்கு முழு விசாரணைவரை சென்றால் அது சில ஆயிரம் டாலர்களை எளிதாகத் தாண்டும். மறுபுறம், பிறரது பாக்கிக் கடன்களை விலைக்கு வாங்கும் நிறுவனங்கள் டாலர் ஒன்றுக்குச் சராசரியாக 4 சென்ட் கொடுத்து இப்படிப்பட்ட கடன்களை வாங்கியதாக மத்திய வணிக ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால் உங்கள் 8,600 டாலர் கணக்கின் விலை 344 டாலர். உங்கள் கணக்குக்கு அவர்கள் உண்மையில் கொடுத்த விலை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும், கட்டுக்கட்டாக வழக்குப் போட்டு, பெரும்பாலான பிரதிவாதிகள் வரமாட்டார்கள் என்ற கணக்கில் நடக்கும் தொழிலுக்கு, ஒரே கணக்கின் மேல் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டுவது கட்டுப்படியாகாது. வாபஸ் நடப்பது இதனால்தான். உங்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதால் அன்று.

இதே கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. வழக்குத் தொடுத்தது கார்டைக் கொடுத்த வங்கியாகவே இருந்து, தொகையும் 20,000, 30,000 என்று இருந்தால், அவர்கள் கட்டணத்தைக் கட்டிவிட்டு நடுவர் முன் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட வாசகருக்கு நான் இந்த வழியை முதல் யோசனையாகச் சொல்ல மாட்டேன். உங்கள் வழக்கில் வாதி கடனை விலைக்கு வாங்கிய நிறுவனம், தொகை நடுத்தரம். எனவே முயன்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். எல்லாக் கார்டுகளிலும் இந்தப் பிரிவு இல்லை. சில பெரிய வங்கிகள் அதை நீக்கிவிட்டன, ஒரு வங்கி 2019-இல் திரும்பக் கொண்டுவந்தது. உங்களிடம் பழைய தாள் இல்லாவிட்டாலும் கவலை இல்லை: 2009-ஆம் ஆண்டின் கார்டு சட்டத்தின்படி வங்கிகள் தங்கள் ஒப்பந்தங்களை அரசுக்குச் சமர்ப்பிக்க வேண்டும், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியமான சிஎஃப்பிபி-யின் இணையத் தொகுப்பில் அவை காலாண்டுவாரியாகக் கிடைக்கின்றன. உங்கள் கணக்கு முடக்கப்பட்ட 2023-இல் நடைமுறையில் இருந்த பதிப்பை எடுங்கள், இன்றைய பதிப்பை அல்ல. சில சமயம் வாதியே தன் மனுவுடன் ஒப்பந்தத்தை இணைத்திருப்பார். அப்படியானால் அதைவிட நல்ல சாட்சியம் வேறில்லை.

பிரிவைப் படிக்கும்போது, "நாங்கள் தொடுக்கும் வசூல் வழக்குக்கு இது பொருந்தாது" என்ற பொருளில் ஏதேனும் வாசகம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கடைகளின் பெயரில் வரும் சில கார்டுகளில் அப்படி ஒரு விலக்கு உண்டு. அது இருந்தால் இந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நேர்மாறாக, "உங்கள்மீது தொடுக்கப்படும் கடன் வசூல் வழக்கையும் நீங்கள் நடுவரிடம் கொண்டுசெல்லலாம்" என்று வெளிப்படையாகவே எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால் வேலை பாதி முடிந்தது.

அடுத்த சிக்கல் டெக்சாஸுக்கே உரியது. ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களும் "சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகள்" நடுவர் விசாரணைக்கு விலக்கு என்று சொல்கின்றன. நடுவர் அமைப்புகளின் விதிகளும் சிறுவழக்கு நீதிமன்றத்தை நாடும் உரிமையைக் காக்கின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "இது 20,000 டாலர்வரை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட், ஆகவே இது சிறுவழக்கு நீதிமன்றம்தான்" என்று சொல்வது அநேகமாக நிச்சயம். அதற்குப் பதில் அந்த நீதிமன்றத்தின் விதிகளிலேயே இருக்கிறது. டெக்சாஸ் தன் சிறுவழக்கு நீதிமன்றங்களை 2013-இல் கலைத்து ஜஸ்டிஸ் கோர்ட்டுகளுடன் இணைத்தபோது, விதி 500.3 வழக்குகளைத் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. "சிறுவழக்கு" ஒரு வகை. கடனை வாங்கியவரோ, வசூல் நிறுவனமோ, நிதி நிறுவனமோ கடனைக் கேட்டுத் தொடுக்கும் "கடன் கோரிக்கை வழக்கு" இன்னொரு வகை. உங்கள் மனுவின் தலைப்பிலோ, உடன் தாக்கல் செய்த வழக்கு விவரத் தாளிலோ எந்த வகை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "வாதி தானே கடன் கோரிக்கை வழக்கு என்று குறித்துவிட்டு, இப்போது சிறுவழக்கு என்று சொல்ல முடியாது" என்பது வலுவான வாதம். எல்லா நீதிபதியும் ஏற்பார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஒப்பந்த வாசகம் "சிறுவழக்கு நீதிமன்றம் அல்லது அதற்கு இணையான நீதிமன்றம்" என்று அகலமாக இருந்தால் வாதம் சற்றுத் தளரும். அதனால்தான் ஒரு சொல் விடாமல் படிக்கச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, எந்தச் சட்டத்தின்கீழ் கேட்கிறோம் என்பது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி மனுக்கள் சில, டெக்சாஸ் மாநில நடுவர் சட்டத்தைக் காட்டிக் கேட்கின்றன. அது வலையில் போய் விழுவதாகும். தனிநபர் ஒருவர் 50,000 டாலருக்கு மிகாத பொருளோ, சேவையோ, கடனோ பெறும் ஒப்பந்தங்களுக்கு, இரு தரப்பும் அவரவர் வழக்கறிஞர்களும் கையொப்பமிட்டிருந்தாலொழிய, அந்த மாநிலச் சட்டம் பொருந்தாது. கிரெடிட் கார்டு ஒப்பந்தத்தில் உங்கள் வழக்கறிஞர் எங்கே கையெழுத்திட்டார்? எனவே 1925-ஆம் ஆண்டின் மத்திய நடுவர் சட்டத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அது மாநில நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது 1984-இல் சவுத்லேண்ட் வழக்கிலேயே முடிவான விஷயம். கார்டு ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன.

பதிலுரையில் ஒரு வரி எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. நடுவர் விசாரணைக்கு அனுப்பவும் வழக்கை நிறுத்திவைக்கவும் கேட்டுத் தனி மனு ஒன்று தாக்கல் செய்ய வேண்டும். அதனுடன் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியும், "என் கணக்குக்குப் பொருந்திய ஒப்பந்தம் இதுவே" என்ற உங்கள் உறுதிமொழியும், நீதிபதி கையெழுத்திட ஏற்ற வரைவு ஆணையும் இருக்க வேண்டும். உறுதிமொழிக்கு நோட்டரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிறந்த தேதி, முகவரி குறிப்பிட்டு, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்துடன் எழுதிக் கையெழுத்திட்டாலே டெக்சாஸ் சட்டம் ஏற்கும். மனுவைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது கோப்பிலேயே தூங்கும். எழுத்தரை அழைத்து அதற்கு ஒரு வாய்தா வாங்குங்கள். இவையெல்லாம் நடப்பதற்கு முன் எதிர்த்தரப்பிடம் ஆவணங்கள் கேட்டு மனுப் போடுவது, ஜூரி கேட்டுப் பணம் கட்டுவது போன்றவற்றைச் செய்யாதீர்கள். நீதிமன்ற நடைமுறையை நீங்களே நன்கு பயன்படுத்திவிட்டுப் பிறகு நடுவர் வேண்டும் என்றால், உரிமையைக் கைவிட்டுவிட்டீர்கள் என்ற வாதம் எழும். 2022-இல் மார்கன் எதிர் சண்டான்ஸ் வழக்கில், எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு ஏற்பட்டதா என்று பார்க்க வேண்டியதில்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தாமதம் முன்னைவிட ஆபத்தானது. டெக்சாஸ் நீதிமன்றங்கள் தங்கள் சொந்த அளவுகோலில் இன்னும் பாதிப்பைக் கேட்கக்கூடும். நீங்கள் அந்தச் சர்ச்சைக்கே இடம் தராதீர்கள்.

வாய்தா அன்று ஒன்றை மனதில் வையுங்கள். டெக்சாஸில் ஜஸ்டிஸ் கோர்ட் நீதிபதி சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தினமும் வாடகை வழக்குகளையும் போக்குவரத்து அபராதங்களையும் பார்ப்பவர், நடுவர் விசாரணை மனுவை அபூர்வமாகவே பார்த்திருக்கக்கூடும். ஆகவே சட்டப் பிரிவு, விதி 500.3, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம் ஆகியவற்றை மஞ்சள் கோடிட்டு மூன்று பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள்: நீதிபதிக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். மனு நிராகரிக்கப்பட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. இறுதித் தீர்ப்பு வந்தபின் 21 நாட்களுக்குள் கவுண்டி கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்தால் வழக்கு அங்கே முதலிலிருந்து புதிதாக நடக்கும். அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும்; கட்ட இயலாதவர்கள் இயலாமை அறிக்கை கொடுக்கலாம்.

ஆணை கிடைத்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். நடுவர் விசாரணையை யார் தொடங்க வேண்டும்? பணம் கேட்பவர் வாதிதானே, அவரே தொடங்கட்டும் என்பது இயல்பான எண்ணம். வரைவு ஆணையிலும் வாதி 30 நாட்களுக்குள் தொடங்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். ஆனால், "கேட்டவர் நீங்கள், நீங்களே தொடங்குங்கள்" என்று நீதிபதி சொல்லிவிடுவதும் உண்டு. அப்படிச் சொன்னால் 250 டாலரைக் கட்டிக் கெடுவுக்குள் தொடங்கியே ஆக வேண்டும். தொடங்காமல் விட்டால், வழக்கை இழுத்தடிக்கவே கேட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். நிறுத்திவைத்த வழக்கு மறுபடி உயிர்பெறும். தொடங்குவது கடினமான வேலை அன்று: அமைப்பின் கோரிக்கைப் படிவம், ஒப்பந்தப் பிரிவு, நீதிமன்ற ஆணை, கட்டணம். பிரதியை நிறுவனத்தின் வழக்கறிஞருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் அமைப்பு நிறுவனத்துக்குக் கட்டணச் சீட்டை அனுப்பும். அவர்கள் கட்டாமல் விட்டால் கோப்பை மூடுவதாக உங்களுக்குக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போய், வாதி ஆணையை மதிக்கவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

பல வழக்குகளில் இவ்வளவு தூரமே போகாது. மனு தாக்கலானதும், "வழக்கைத் திரும்பப் பெறுகிறோம்" என்று வாதியின் வழக்கறிஞர் ஒரு பக்கத் தாள் தாக்கல் செய்வார். அந்தத் தாளில் மீண்டும் தொடுக்கும் உரிமையுடன் என்றிருக்கிறதா, அந்த உரிமை இன்றி என்றிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் உரிமையுடன்தான் இருக்கும். அதாவது நாளை வேறொரு நிறுவனம் கடனை வாங்கி மறுபடி வரலாம். டெக்சாஸில் இந்தக் கடனுக்குக் காலவரம்பு 4 ஆண்டுகள். உங்கள் கடைசிக் கட்டணத்துக்கு அடுத்து தவணை தவறிய நாளிலிருந்து எண்ணினால், ஏறத்தாழ 2027 தொடக்கத்தில் அது முடியும். திரும்பப் பெறப்பட்ட வழக்கு, காலவரம்புக் கடிகாரத்தைப் பொறுத்தவரை போடப்படாத வழக்குக்குச் சமம், கடிகாரம் நிற்காது. காலவரம்பு தாண்டிய கடனுக்கு, அதை விலைக்கு வாங்கிய நிறுவனம் வழக்கே தொடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் 2019-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் கடனை ஒப்புக்கொண்டு எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் புதிய கடிகாரத்தைத் தொடங்கிவைக்கும்.

நிறுவனம் கட்டணத்தைக் கட்டிவிட்டால்? அப்போது நடுவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதி அல்லது மூத்த வழக்கறிஞர், தொலைபேசியிலோ காணொளியிலோ விசாரிப்பார். கைமாறிய ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா, 1,700 டாலர் கூடுதல் எப்படி வந்தது என்ற உங்கள் கேள்விகளை அங்கேயும் எழுப்பலாம். அவர் பல சமயம் ஜஸ்டிஸ் கோர்ட்டைவிட நுணுக்கமாகவே பார்ப்பார். ஆனால் அவர் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தால், நீதிமன்றம் அதை உறுதிசெய்து சாதாரணத் தீர்ப்பாக மாற்றிவிடும். தவறான தீர்ப்பு என்பதற்காக மட்டும் அதை ரத்துசெய்ய முடியாது. ஊழல், பாரபட்சம், அதிகார மீறல் போன்ற குறுகிய காரணங்களே எடுபடும். ஒப்பந்தத்தில் தோற்றவர் வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வேண்டும் என்ற வரி இருந்தால் அந்த ஆபத்தும் உண்டு. கேட்டால் வினையாகுமா என்று கேட்டிருந்தீர்கள். உண்மையான வினை இதுதான்.

சமரசத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். நடுவர் மனு நிலுவையில் இருக்கும் வாரங்களில்தான் உங்கள் பேரம்பேசும் வலு உச்சத்தில் இருக்கும். கேட்கும் தொகையில் சிறு பங்குக்கு முடிகிறதென்றால், கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதே மேல் என்று நினைக்கிறேன். குழந்தைகளோடு வாழும் வீட்டில் வழக்கு ஒன்று ஒரு வருடம் இழுப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். மீண்டும் தொடுக்க முடியாதபடி வழக்கு முடிக்கப்படும் என்று அதில் இருக்க வேண்டும். மாதத் தவணை தருகிறோம் என்று சொல்லி, "ஒப்புதல் தீர்ப்பு" என்ற தலைப்பில் ஒரு தாளை நீட்டுவார்கள். அது சமரசமன்று, உங்களுக்கு எதிரான தீர்ப்பை நீங்களே கையெழுத்திட்டுக் கொடுப்பது. இன்னொன்று: 600 டாலர் அல்லது அதற்கு மேல் கடன் தள்ளுபடியானால் 1099-சி படிவம் வரக்கூடும், அந்தத் தொகை வருமானமாகக் கருதப்படும். அந்த நேரத்தில் உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்திருந்தால் 982 படிவத்தின் மூலம் விலக்குக் கோரலாம். வரிக் கணக்குத் தாக்கல் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

விசாவைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இவ்வளவு நீளமான பதில் தேவையில்லை. இது உரிமையியல் வழக்கு, குற்ற வழக்கு அன்று. கார்டு பாக்கிக்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. தொலைபேசியில் அப்படி மிரட்டினால் அதுவே மத்திய வசூல் நடைமுறைச் சட்டத்தை மீறுவதாகும். தேதி, நேரம், பேசியவர் சொன்ன சொற்களைக் குறித்துவையுங்கள். நிறுவனத்தின்மீது நீங்கள் எதிர்க்கோரிக்கை வைத்தால் அது உதவும். தனியார் கடனுக்கான தீர்ப்பு ஒன்று, அது மட்டுமே, கிரீன் கார்டை மறுப்பதற்கான சட்டக் காரணங்களில் இல்லை. தீர்ப்புக்குப்பின் சொத்து விவரம் கேட்டு நீதிமன்றம் அனுப்பும் ஆணையை உதாசீனப்படுத்தினால்தான் அவமதிப்புச் சிக்கல் வரும். எந்த நீதிமன்றக் காகிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

தீர்ப்பு வந்தேவிட்டால் டெக்சாஸ் மற்ற பல மாநிலங்களைவிடக் கடனாளிக்குச் சற்று இரக்கமுள்ள இடம்: கார்டு பாக்கிக்காகச் சம்பளத்தில் முதலாளி பிடித்தம் செய்ய முடியாது, குடியிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த மறுகணம் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. தீர்ப்புப் பெற்றவர் அந்தக் கணக்கை முடக்கலாம். நீதிமன்றம் ரிசீவர் எனப்படும் சொத்துப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்துப் பணத்தை எடுக்கவும் செய்யலாம். மனைவியின் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்காக இருந்தாலும் தொல்லைதான். ஆகையால் பதிலுரையை முதலில் தாக்கல் செய்யுங்கள். ஒப்பந்தத்தைக் கண்டெடுத்ததும் அந்தப் பிரிவின் பக்கங்களையும், மனுவில் கடன் கைமாறிய விவரம் உள்ள பக்கத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்கு முழுவதையும் எடுத்து நடத்தாமல், ஒரு மனுவை மட்டும் தயாரித்துத் தர அல்லது ஒரு வாய்தாவுக்கு மட்டும் வர ஒப்புக்கொள்பவர்கள் டல்லாஸ் பகுதியில் இருக்கிறார்கள். 8,600 டாலர் வழக்குக்கு அந்த அளவு உதவி போதுமானது.